விமான நிலையம் கட்டிய வியாபாரிகள்: சியால்கோட் நகரம் தரும் பாடம்

ஒரு பிரதேசம் பொருளாதாரத்தில் முன்னேற வேண்டுமானால் அங்கு முயற்சியாளர்கள் உருவாக வேண்டும் என்று கருத்தரங்குகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. சுயதொழில் கடன் வழங்கும் வங்கிகளும் இதையே சொல்கின்றன. கருத்து சரியானதுதான். ஆனால் அது பாதி உண்மை மட்டுமே.

எமது ஊர்களில் வியாபாரத்துக்கு எப்போதாவது பஞ்சம் இருந்ததுண்டா? பிரதான வீதியின் இரு பக்கமும் கடைகள்தான். ஒரு புடைவைக் கடை நன்றாக ஓடினால் ஆறு மாதத்தில் அதற்கு எதிரே இன்னொன்று திறக்கப்படுகிறது. ஒரு கையடக்கத் தொலைபேசிக் கடைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று வருகின்றன. கடைகள் பெருகுகின்றன, ஊரின் வருமானம் பெருகவில்லை. ஏனெனில் எல்லாக் கடைகளும் ஒரே வாடிக்கையாளரின் ஒரே பணப்பையைத்தான் பங்குபோட்டுக் கொள்கின்றன. ஒருவருடைய இலாபம் மற்றவருடைய நட்டமாகிறது.

அப்படியானால் எப்படிப்பட்ட முயற்சியாண்மை ஒரு பிரதேசத்தை உயர்த்துகிறது? புத்தக விளக்கத்தை விட ஓர் ஊரின் வரலாறு இதற்கு நல்ல பதிலைத் தரும். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலுள்ள சியால்கோட் நகரமே அது. அல்லாமா இக்பால் 1877ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்ற வகையில் எமது வாசகர்கள் பலர் இப்பெயரை அறிவார்கள். வியாபாரிகள் என்ற வகையில் நாம் அறிய வேண்டிய இன்னொரு சியால்கோட் இருக்கிறது.

எதுவுமே இல்லாத ஊர்

சியால்கோட்டின் அமைவிடத்தைப் பார்த்தால் அங்கு தொழில் தொடங்க யாரும் முன்வரமாட்டார்கள். நாட்டின் வடகிழக்கு மூலையில், ஜம்மு எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. இந்திய – பாகிஸ்தான் யுத்தங்களின்போது எல்லைச் சண்டையை மிக அருகில் கண்ட ஊர். கராச்சித் துறைமுகம் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. இரும்புச் சுரங்கம் இல்லை, எண்ணெய் இல்லை. 2017ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நகரின் சனத்தொகை சுமார் ஆறரை இலட்சம். கராச்சி, லாஹூரோடு ஒப்பிட்டால் இது நடுத்தர நகரம்தான்.

இந்த ஊரிலிருந்துதான் உலகம் முழுவதற்கும் உதைபந்துகளும் சத்திரசிகிச்சை உபகரணங்களும் தோல் கையுறைகளும் விளையாட்டு உடைகளும் போகின்றன. 2014, 2018, 2022ஆம் ஆண்டுகளின் உலகக் கிண்ணப் போட்டிகளுக்கான அடிடாஸ் பந்துகள் சியால்கோட்டில் உற்பத்தியாகின. நகரின் ஏற்றுமதி ஆண்டுக்கு இரண்டு பில்லியன் அமெரிக்க டொலரைத் தாண்டுவதாக அங்குள்ள வர்த்தக சம்மேளனம் சொல்கிறது. பாகிஸ்தான் எத்தனையோ அரசியல் நெருக்கடிகளையும் மின்வெட்டுகளையும் நாணய வீழ்ச்சிகளையும் கண்டது. அவற்றுக்கு நடுவிலும் இந்த ஊர் டொலர் சம்பாதித்துக்கொண்டே இருந்தது.

பழுதுபார்த்தவர்கள் உற்பத்தியாளரானார்கள்

சியால்கோட் கொல்லர்கள் ஒரு காலத்தில் வாளும் கத்தியும் செய்வதில் பேர்பெற்றவர்கள். பிரித்தானியர் ஆட்சி வந்த பின் வாளுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. எத்தனையோ ஊர்களில் இவ்வாறு கைத்தொழில்கள் அழிந்திருக்கின்றன. சியால்கோட்டிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வைத்தியசாலை ஒன்றிலிருந்து உடைந்த சத்திரசிகிச்சைக் கருவிகள் இந்தக் கொல்லர்களிடம் திருத்தத்துக்கு வந்தன. திருத்தியவர்கள் அமைப்பைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அதைப்போலவே செய்து கொடுத்தார்கள். நாளடைவில் பிரித்தானிய இந்தியாவின் மற்ற வைத்தியசாலைகளும் வாங்கத் தொடங்கின. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேச நாட்டுப் படைகளுக்கும் கருவிகள் போயின.

விளையாட்டுப் பொருட்களின் கதையும் இதைப் போன்றதே. நகரிலிருந்த பிரித்தானியப் படை முகாமின் சிப்பாய்களுக்கு டென்னிஸ் மட்டைகளும் கிரிக்கெட் மட்டைகளும் பந்துகளும் தேவைப்பட்டன. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பந்து கிழிந்தபோது அதைத் தைத்துத் தருமாறு உள்ளூர் செருப்புத் தொழிலாளியிடம் கொடுத்ததாகவும், அவர் அதைப் பிரித்துப் பார்த்துப் புதிதாக ஒன்றைச் செய்ததாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. கதையின் விபரம் எப்படி இருந்தாலும், தொழில் தொடங்கிய வழி அதுதான்.

இங்கு கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இவர்கள் பக்கத்துக் கடையைப் பார்த்துத் தொழில் தொடங்கவில்லை. தம் கையிலிருந்த பழைய திறமையை ஒரு புதிய தேவையோடு இணைத்தார்கள். வாங்குபவரும் ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர். ஆகவே ஒவ்வொரு விற்பனையும் ஊருக்குப் புதிய பணத்தைக் கொண்டுவந்தது.

ஆட்கள் போனால் தொழிலும் போகும்

1947ஆம் ஆண்டு இந்தியா பிரிந்தபோது சியால்கோட்டுக்குப் பெரிய அடி விழுந்தது. அதுவரை விளையாட்டுப் பொருள் தொழிலின் முதலாளிகளில் பெரும்பாலோர் இந்துக்களும் சீக்கியர்களும். அவர்கள் எல்லைக்கு அப்பால் சென்றார்கள். அவர்களில் பலர் இந்தியப் பஞ்சாபின் ஜலந்தரில் குடியேறி, கையில் கொஞ்சப் பணமும் தலையில் தொழிலறிவுமாக மீண்டும் தொடங்கினார்கள். இன்று இந்தியாவின் விளையாட்டுப் பொருள் உற்பத்திக்கு ஜலந்தரும் மீரட்டும்தான் பேர்பெற்ற இடங்கள்.

ஜலந்தரில் இத்தொழில் வளர மண்ணோ நீரோ காரணமல்ல. சியால்கோட்டிலிருந்து போன மனிதர்களே காரணம். அதேவேளை சியால்கோட்டில் எஞ்சிய தொழிலாளர்களும் அங்கிருந்து இங்கு வந்து குடியேறியவர்களும் வெறுமையாகிப்போன பட்டறைகளை மறுபடி திறந்தார்கள். நேற்று வரை கூலிக்கு வேலை செய்த பலர் சிறு முதலாளிகளானார்கள். ஒரே தொழில் இரண்டு நாடுகளில் இரண்டு ஊர்களை வளர்த்தது.

பிரதேச வளர்ச்சி பற்றி இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. கட்டடமும் இயந்திரமும் ஓரிடத்தில் நின்றுவிடும். தொழிலறிவும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் மனிதரோடு நடந்து போகும். திறமையுள்ள இளைஞர்களை இழக்கும் எந்த ஊரும் எதை இழக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பணம் எப்படி ஊருக்குள் பரவுகிறது?

ஒரு பெரிய தொழிற்சாலை வந்தால் ஊர் முன்னேறும் என்பது பொதுவான எண்ணம். சியால்கோட்டில் பெரிய தொழிற்சாலைகள் குறைவு. ஆயிரக்கணக்கான சிறிய பட்டறைகளே அதிகம். சத்திரசிகிச்சைக்கான ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வோம். உருக்கைச் சூடாக்கி அச்சில் அடிப்பவர் ஒருவர். அரம் போட்டு வடிவம் கொடுப்பவர் இன்னொருவர். இரு பாதிகளையும் பொருத்துபவர் வேறொருவர். சூடேற்றிக் கடினமாக்குவதும் பொலிஷ் போடுவதும் வேறு வேறு பட்டறைகளில் நடக்கும். கடைசியில் பரிசோதித்து, பொதிசெய்து, ஏற்றுமதி செய்பவர் ஒருவர். கத்தரிக்கோல் ஊருக்குள் பல கைகளைச் சுற்றிவந்த பிறகே விமானம் ஏறுகிறது. அது போகும் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் டொலர் தங்கிவிடுகிறது.

உதைபந்தும் அப்படித்தான். கையால் தைக்கும் வழமையான பந்தில் அறுகோணம் 20, ஐங்கோணம் 12 என மொத்தம் 32 துண்டுகள். துண்டு வெட்டுவது ஓரிடம், அச்சிடுவது ஓரிடம், தைப்பது கிராமங்களில். தைப்பவர் ஒரு நாளில் மூன்று, நான்கு பந்துகளை முடிப்பார். இதனால் நகரிலிருக்கும் ஏற்றுமதியாளருக்கு வந்த கட்டளை சுற்றியுள்ள கிராமங்களின் அடுப்பையும் எரிய வைத்தது.

ஆங்கிலேயப் பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியான தமது நூலில் இத்தகைய ஊர்களைப் பற்றி விளக்கியிருந்தார். ஒரே தொழில் ஓரிடத்தில் திரளும்போது மூன்று நன்மைகள் கிடைக்கின்றன என்பது அவரது கருத்து. பயிற்சி பெற்ற வேலையாட்கள் அங்கேயே கிடைப்பார்கள். மூலப்பொருள், உதிரிப்பாகம் விற்பவர்கள் தாமாகவே வந்து கடை போடுவார்கள். ஒருவர் கண்டுபிடித்த புது முறை விரைவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சியால்கோட்டில் பையன்கள் உஸ்தாதிடம் ஷாகிர்தாகச் சேர்ந்து தொழில் பழகுகிறார்கள். கை தேறியதும் சிலர் தனியாகப் பட்டறை போடுகிறார்கள். பழைய உஸ்தாதே அவர்களுக்கு முதல் வேலையைக் கொடுப்பதும் உண்டு. உறவும் குலமும் சார்ந்த நம்பிக்கையில் கடனுக்குப் பொருள் கைமாறுகிறது. வங்கியில் பிணை வைக்க எதுவுமில்லாதவருக்கு அந்த நம்பிக்கைதான் மூலதனம்.

இங்கு எமது ஊர்க் கடைத்தெருவோடு ஒரு வித்தியாசம் இருக்கிறது. எமது தெருவிலும் ஒரே வகைக் கடைகள் திரண்டு நிற்கின்றன. ஆனால் அவை ஒரே பொருளை ஒரே இடத்தில் வாங்கி ஒரே ஆளுக்கு விற்கின்றன. சியால்கோட்டின் பட்டறைகள் ஒன்றுக்கொன்று வேலை கொடுக்கின்றன. ஒரு பட்டறை வளர்ந்தால் இன்னொன்றுக்குக் கட்டளை கூடுகிறது.

1994: தரம் இல்லை என்று கதவு மூடப்பட்டபோது

சேர்ந்து தொழில் செய்வதன் உண்மையான பெறுமதி நெருக்கடியில்தான் தெரியும். 1994இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சியால்கோட்டின் சத்திரசிகிச்சை உபகரணங்கள் தரத்துக்கு ஏற்றவையல்ல என்று கட்டுப்பாடு விதித்தது. அமெரிக்காதான் அவர்களது மிகப்பெரிய சந்தை. உருக்கின் தரத்திலும் உற்பத்தி முறையிலும் குறைகள் இருந்தது உண்மை. எவரோ சிலர் மட்டமான பொருள் அனுப்பியிருக்கலாம். ஆனால் தடை வந்தது முழு ஊருக்கும். நல்ல பொருள் செய்தவரும் கெட்ட பொருள் செய்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

ஒவ்வொருவரும் தனித்தனியே அமெரிக்கத் தரச்சான்று பெற முயன்றிருந்தால் பெரியவர்கள் சிலர் தப்பியிருப்பார்கள், சிறியவர்கள் அழிந்திருப்பார்கள். அவர்களது உற்பத்தியாளர் சங்கம் பொறுப்பை ஏற்றது. அரசாங்கத்தின் உதவியையும் பெற்றுக்கொண்டு, அமெரிக்கத் தர விதிகளை அறிந்த வெளிநாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. நல்ல உற்பத்தி நடைமுறை என்றால் என்ன, பதிவேடு எப்படி வைப்பது, உருக்கை எப்படிப் பரிசோதிப்பது என்று பட்டறைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தேறிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மீண்டும் அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கின. ஏற்றுமதி திரும்பவும் எழுந்தது.

அதுவரை பேச்சுக்கு மட்டும் இருந்த சங்கம் அந்த நெருக்கடியில்தான் உண்மையான சங்கமாகியது எனலாம். போட்டியாளரின் மோசமான சரக்கு தமது பெயரையும் கெடுக்கும் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். எமது வியாபாரிகள் சங்கங்களில் தரம் பற்றி எத்தனை கூட்டம் நடந்திருக்கிறது என்று வாசகர்கள் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

1997: சிறுவர் கைகள் தைத்த பந்து

அடுத்த நெருக்கடி இதைவிடக் கசப்பானது. 1996இல் அமெரிக்க சஞ்சிகை ஒன்றில் சியால்கோட் பகுதியில் ஒரு சிறுவன் பந்து தைக்கும் படம் வெளிவந்தது. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் கணிப்பின்படி அந்த மாவட்டத்தில் 7,000க்கும் மேற்பட்ட சிறுவர்கள் பந்து தைப்பதில் ஈடுபட்டிருந்தார்கள். மேற்கு நாடுகளில் பந்துகளைப் பகிஷ்கரிக்குமாறு பிரசாரம் எழுந்தது.

இதை வெளிநாட்டுச் சதி என்று சொல்லிவிட்டு இருப்பது இலகுவாக இருந்திருக்கும். சியால்கோட் வர்த்தக சம்மேளனம் 1997 பெப்ரவரியில் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தோடும் யுனிசெப் நிறுவனத்தோடும் அட்லாண்டா நகரில் உடன்படிக்கை செய்துகொண்டது. தையல் வேலை வீடுகளிலிருந்து பதிவு செய்யப்பட்ட தையல் நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. முன்னறிவித்தல் இன்றி வந்து பார்க்கும் கண்காணிப்பாளர்களுக்குக் கதவு திறக்கப்பட்டது. சிறுவர்களுக்குப் பாடசாலை ஏற்பாடுகளும் செய்யப்பட்டன.

இந்த மாற்றத்தில் நட்டப்பட்டவர்களும் உண்டு. வீட்டிலிருந்தபடி தைத்துச் சம்பாதித்த பெண்கள் பலர் தூரத்து நிலையங்களுக்குப் போக முடியாமல் வருமானத்தை இழந்தார்கள். பெண்களுக்கென்று தனி நிலையங்கள் பின்னர் வந்தாலும் எல்லோருக்கும் அது போதவில்லை. ஒரு தவறைத் திருத்தும்போது அதன் சுமை எளியவர் தலையில் விழாமல் பார்ப்பதும் வர்த்தக சமூகத்தின் கடமை.

அரசாங்கத்தை எதிர்பார்த்திருக்கவில்லை

சியால்கோட் வியாபாரிகளை உலகம் பாராட்டுவதற்குப் பிரதான காரணம் இனித்தான் வருகிறது.

ஏற்றுமதி வளர்ந்தபோது அவர்களது பெரிய தலைவலி துறைமுகம். பொருளைக் கராச்சிக்கு அனுப்பி, அங்கே சுங்கப் பரிசோதனை முடித்து, கப்பலில் ஏற்ற வேண்டும். தாமதமும் செலவும் களவும் இருந்தன. 1982இல் வர்த்தக சம்மேளனம் உருவானது. 1980களின் நடுப்பகுதியில் வியாபாரிகளே பணம் போட்டு ஒரு நம்பிக்கை நிதியத்தின் கீழ் உலர் துறைமுகம் ஒன்றை அமைத்தார்கள். சுங்க அதிகாரிகள் அங்கேயே வந்து பரிசோதித்து முத்திரை வைப்பார்கள். கொள்கலன் சியால்கோட்டிலேயே பூட்டப்பட்டு நேராகக் கப்பலுக்குப் போகும். கடலே இல்லாத ஊருக்குத் துறைமுகம் கிடைத்தது.

அடுத்து வீதிகள். வெளிநாட்டு வாங்குனர்கள் வந்தால் குண்டும் குழியுமான வீதிகளில் அழைத்துப் போக வேண்டியிருந்தது. மாநகர சபையிடம் பணம் இல்லை. ஏற்றுமதியாளர்கள் தமது ஏற்றுமதி வருமானத்தில் மிகச் சிறு பங்கை, அதாவது நூறு ரூபாவுக்குச் சுமார் கால் ரூபாவை, நகர அபிவிருத்திக்கென்று தாமாகவே கொடுக்க இணங்கினார்கள். தொகை சிறிது. எல்லோரும் கொடுத்ததால் வீதிகளும் வடிகான்களும் சீராகின.

பிறகு விமான நிலையம். பெறுமதி கூடிய, எடை குறைந்த கருவிகளும் அவசரக் கட்டளைகளும் விமானத்தில் போக வேண்டும். அதற்கு லாஹூர் வரை போக வேண்டியிருந்தது. சம்மேளனத்தின் அங்கத்தவர்கள் பலர் பங்குதாரர்களாகி ஒரு கம்பனி அமைத்து, அரசாங்க அனுமதி பெற்று, 3.6 கிலோமீற்றர் ஓடுபாதையோடு சர்வதேச விமான நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். 2007இல் அது இயங்கத் தொடங்கியது. பாகிஸ்தானில் தனியார் பணத்தில் எழுந்த முதலாவது சர்வதேச விமான நிலையம் அதுதான். வளைகுடாவில் வேலை செய்யும் அப்பகுதி மக்களும் சொந்த ஊரிலேயே இறங்க முடிந்தது. பிறகு அதே வர்த்தக சமூகம் விமான சேவை ஒன்றையும் தொடங்கியது. எயார் சியால் என்ற அந்தக் கம்பனி 2020 டிசம்பரில் பறக்கத் தொடங்கியது.

இவர்களில் பலர் சந்தையில் கடும் போட்டியாளர்கள். ஒரே வாங்குனருக்காக ஒரு டொலர் இரண்டு டொலர் குறைத்து மோதிக்கொள்பவர்கள். கட்டளை பிடிப்பதில் போட்டியும், பாதை போடுவதில் கூட்டும் என்று இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

பந்து மாறியது, தொழிலும் மாறியது

வெற்றி பெற்ற ஊர் தூங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. கையால் தைத்த பந்தில் சியால்கோட் நிகரற்றிருந்த காலத்தில் தொழில்நுட்பம் மாறியது. 2006 உலகக் கிண்ணத்தில் பயன்பட்ட பந்து தைக்கப்பட்டதல்ல, வெப்பத்தால் ஒட்டப்பட்டது. சியால்கோட்டின் பெருமையான ஊசியும் நூலும் அந்தப் பந்துக்குத் தேவைப்படவில்லை. மலிவான இயந்திரத் தையல் பந்துகளைச் சீனா சந்தையில் குவித்தது. பல தையல் நிலையங்களில் வேலை குறைந்தது.

2014 உலகக் கிண்ணத்துக்கு முன்னர் சீனத் தொழிற்சாலையால் தேவையான அளவு பந்துகளைக் கொடுக்க முடியாமல் போனபோது சியால்கோட்டின் போர்வேர்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவன உரிமையாளர் கவாஜா மசூத் அக்தர் அந்த வாய்ப்பைக் கேட்டு வாங்கினார். 33 நாட்களுக்குள் உற்பத்தி வரிசையை அமைத்ததாக அக்காலச் செய்திகள் கூறின. அவர் ஒருவரின் துணிவு அதில் இருக்கிறது. கூடவே, இயந்திரத்தை உடனே வடிவமைக்கத் தெரிந்த பட்டறைகளும், பந்தைத் தொட்டாலே குறை சொல்லும் தொழிலாளர்களும் ஊரிலேயே இருந்தார்கள். வேறோர் ஊரில் அதே மனிதர் அதே துணிவோடு நின்றிருந்தாலும் 33 நாள் போதியிருக்குமா என்பது சந்தேகமே.

இன்னும் தீராத குறைகள்

சியால்கோட்டைப் புகழ்ந்து மட்டும் முடித்துவிடக் கூடாது. நூறு வருடங்களுக்கு மேலாகக் கருவி செய்தும் உலக வைத்தியர்களுக்கு அவர்களது பெயர் தெரியாது. அவர்கள் செய்யும் கருவிகளில் கணிசமானவை ஜேர்மனியின் துட்லிங்கன் போன்ற நகரங்களிலுள்ள நிறுவனங்கள் வழியாக அந்நாட்டுப் பெயர்களில் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன. உழைப்பு ஓரிடத்தில், பெயர் இன்னோரிடத்தில். பெயர் இருக்கும் இடத்தில்தான் பெரிய இலாபம் தங்குகிறது. தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர் அயல் நிலத்தையும் நீரையும் பாதித்திருக்கிறது. தொழிலாளர் சம்பளம் ஏற்றுமதியின் அளவுக்கு உயரவில்லை என்ற குற்றச்சாட்டும் நீடிக்கிறது. வளர்ச்சி ஒரு சிலரோடு நின்றுவிட்டால் அதைப் பிரதேச வளர்ச்சி என்று சொல்ல முடியாது.

எமக்கு என்ன பாடம்?

இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 40 வீதத்துக்கும் அதிகமானது மேல் மாகாணத்திலிருந்தே வருகிறது. மீதி எட்டு மாகாணங்களும் எஞ்சியதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, இறக்குமதிப் பொருளை வாங்கி விற்பதை மட்டுமே நம்பிய கடைகள் எவ்வளவு பலவீனமானவை என்பதை எல்லோரும் அனுபவித்தோம்.

எமக்கே சொந்தமான ஓர் உதாரணமும் உண்டு. இரத்தினக்கல் அகழும்போது கிடைக்கும் பால் நிற கெவுடாக் கல்லுக்கு ஒரு காலத்தில் பெறுமதி இருக்கவில்லை. 1970களிலிருந்து தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மிக மலிவாக வாங்கிப் போனார்கள். உயர் வெப்பத்தில் சூடாக்கி நீலக்கல்லாக்கி உலகச் சந்தையில் விற்றார்கள். கல் எமது மண்ணில் இருந்தது, அறிவு அவர்களது உலையில் இருந்தது. எமது வியாபாரிகள் பின்னர் அந்த முறையைக் கற்றார்கள். பேருவளை இரத்தினக்கல் சந்தைக்கு இன்று வெளிநாட்டவர் தேடி வருகிறார்கள். அறிவைப் பெற்ற பின்னரே கல்லின் இலாபம் எமது கையில் தங்கியது.

ஆகவே புதிதாகத் தொழில் தொடங்க நினைப்பவரும் இருக்கும் தொழிலை வளர்க்க நினைப்பவரும் தம்மிடம் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, நான் தொடங்கும் தொழில் ஊருக்கு வெளியிலிருந்து பணம் கொண்டுவருமா, அல்லது ஊருக்குள் இருக்கும் பணத்தை என் பக்கம் திருப்புமா? இரண்டாவது வகைத் தொழிலும் ஹலாலான சம்பாத்தியம்தான். ஆனால் அது அளவு கடந்தால் ஊர் வளராது, வாடகை மட்டுமே உயரும்.

இரண்டாவது, எமது ஊரில் பரம்பரையாக இருக்கும் கைத்திறமை எது? நெசவா, தோலா, தச்சா, கடலுணவா, பேக்கரியா? அதற்கு இன்று புதிய தேவை எங்கே இருக்கிறது? சியால்கோட்டில் வாள் செய்த கை கத்தரிக்கோல் செய்யக் கற்றுக்கொண்டது.

மூன்றாவது, எனது தொழில் வளர்ந்தால் என் அயலவருக்கும் வேலை கிடைக்குமா? முழு வேலையையும் ஒரே கூரையின் கீழ் செய்ய வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஒரு பகுதியை அடுத்த பட்டறைக்குக் கொடுத்தால் இரண்டு குடும்பம் வாழும், எனது முதலீடும் குறையும்.

நான்காவது, வியாபாரிகள் சங்கம் என்ன செய்கிறது? வருடாந்தக் கூட்டமும் பாராட்டு விழாவும் போதுமா? ஒரு தரப் பரிசோதனை வசதி, ஒரு பொதுக் களஞ்சியம், ஒரு குளிரூட்டி, இளைஞருக்கான ஒரு தொழிற்பயிற்சி வகுப்பு என்று தனியொருவரால் முடியாத ஒன்றைச் சங்கம் தொடங்கலாம். விமான நிலையத்தில் தொடங்க வேண்டியதில்லை. சியால்கோட்டும் அதில் தொடங்கவில்லை.

ஐந்தாவது, எமது பொருளில் யாருடைய பெயர் இருக்கிறது? வேறொருவரின் பெயருக்காக உழைப்பது ஆரம்பத்தில் தவிர்க்க முடியாதது. ஆயுள் முழுவதும் அப்படியே இருந்தால் சியால்கோட்டின் குறைதான் எமக்கும் மிஞ்சும்.

ஓர் ஊரின் செல்வத்தை அதன் கடைகளின் பெயர்ப்பலகைகளை எண்ணி அளக்க முடியாது. அங்கு என்ன உற்பத்தியாகிறது, யார் அதை வாங்குகிறார், வந்த பணம் எத்தனை வீடுகளுக்குப் போகிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். நூற்றுக்குக் கால் ரூபா கொடுக்க ஒரு ஊர் வியாபாரிகள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அப்படி ஒரு மேசையை எமது ஊரில் போடுவதற்குப் பணம் தேவையில்லை. அடுத்த கடை முதலாளியிடம் போய்ப் பேசினால் போதும்.